மூன்று மைக், ஒரு கயிறு

"நீங்களே கேளுங்கண்ணா. நேர்ல அடிச்சா நெஞ்சுல இடிக்குது. போன்ல புடிச்சுக் கேட்டா தகர டப்பாவத் தட்டுன மாதிரி கீது."

தோணிரேவில் ஒரு வலைக் கொட்டகை. பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய ஊர் அது. பெயரிலேயே தோணி இருக்கிறது. 'ரேவு' என்றால் துறை. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஊர்ப் பெயரில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. கொட்டகையின் ஒரு மூலையில் குவித்து வைத்த வலை, மறு மூலையில் பழைய டிரம்ஸ் செட். அதன் பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கையில் குச்சி, காதில் என் பதிலுக்கான காத்திருப்பு.

அவன் கேட்டது அவனுடைய கேள்வி மட்டும் அல்ல. திருவிழாவில் பறையோ பம்பையோ முழங்கும்போது போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் எல்லோரும் மறுநாள் காலை இதே ஏமாற்றத்தை அடைந்திருப்பார்கள். நேற்று உடம்பு சிலிர்த்தது. இன்று அதே வீடியோவில் யாரோ அட்டைப் பெட்டியைத் தட்டுகிறார்கள். எங்கே போயிற்று அந்த இடி?

பெரிய ஸ்டுடியோக்களில் ஒரு டிரம்ஸ் செட்டுக்கு எட்டு, பத்து மைக் வைப்பார்கள். அதற்கு மேலும் வைப்பதுண்டு. எங்களிடம் இருந்தவை மூன்று. இரண்டு என்னுடையவை, ஒன்று பக்கத்து ஊர் சவுண்டு சர்வீஸில் வாங்கி வந்தது. மூன்று போதும் என்று நான் சொன்னபோது பையன் நம்பவில்லை.

போன் என்ன செய்கிறது?

முதலில் போனின் மேல் உள்ள பழியைக் கொஞ்சம் குறைப்போம். அது பேசுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. நீங்கள் முணுமுணுத்தால் உங்கள் குரலைத் தானே ஏற்றிக்கொள்ளும், கத்தினால் தானே இறக்கிக்கொள்ளும். பேச்சுக்கு இது பெரிய உதவி. டிரம்முக்கோ இதுதான் வினை. அடி விழுந்த உடனே போன் ஒலியை இறக்குகிறது. அடி அடங்குவதற்குள் மறுபடி ஏற்றுகிறது. ஓங்கி ஒலிக்க வேண்டிய அடி குறுகிப்போகிறது, அடிகளுக்கு நடுவே கிடக்க வேண்டிய இரைச்சல் எழும்பி வருகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினால் என்ன ஆகும்? தரைமட்டம்தான்.

அடுத்தது, திருப்பிக் கேட்கும் வழி. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்முக்கு 'கிக்' என்று பெயர். அதன் தோல் நொடிக்குச் சுமார் 60 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. இந்த 'நொடிக்கு எத்தனை தடவை' என்பதைத்தான் அதிர்வெண் என்கிறோம். அதன் அலகு ஹெர்ட்ஸ். தாழ்ந்த அதிர்வெண்ணை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். பனையோலை விசிறியால் வீசிப் பாருங்கள், பிறகு ஒரு பஸ் டிக்கெட்டால் வீசிப் பாருங்கள். போனின் ஸ்பீக்கர் அந்த டிக்கெட்டைவிடச் சிறியது. 60 ஹெர்ட்ஸை அதனால் தள்ளவே முடியாது. அதே பதிவை நல்ல ஹெட்போனில் கேட்டால் தொலைந்துபோன இடியில் பாதி திரும்பி வரும். பையனுக்கு என் ஹெட்போனை மாட்டினேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது. கொஞ்சம்தான்.

மீதிப் பாதி எங்கே?

காதுக்குப் பின்னால் ஓர் ஆள்

கொட்டகையில் நின்று கேட்கும்போது நம்மிடம் இரண்டு காதுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மூளை என்கிற ஓயாத ஒலிப்பதிவாளர் இருக்கிறார். எந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எது நேராக வந்தது, எது சுவரில் பட்டு வந்தது என்று அவர் பிரித்துக்கொண்டே இருக்கிறார். வேண்டாததை ஓரம் கட்டுகிறார். கல்யாண வீட்டு இரைச்சலில் எதிரே இருப்பவர் பேசுவது மட்டும் நமக்குப் புரிகிறதே, அது இவர் வேலை. கொலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953-இல் இதைச் சோதனைகளால் ஆராய்ந்து எழுதினார். அவர் சொன்னது விருந்துக் கூடத்தை, நமக்குப் பந்தி.

மைக்கின் பின்னால் அப்படி யாரும் இல்லை. மைக் என்பது வெளியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் காற்று எப்படி அசைந்ததோ அதை அப்படியே எழுதிவைக்கும். டிரம்மின் ஒலி, தகரக் கூரையில் பட்டுத் திரும்பிய ஒலி, வெளியே கத்தும் காக்கை எல்லாம் அதற்கு ஒன்றுதான். மூளை செய்யும் தேர்வை மைக்கை வைக்கும் மனிதர் முன்கூட்டியே செய்தாக வேண்டும். எங்கே வைக்கிறோம் என்பதிலேயே முக்கால் வேலை முடிந்துவிடுகிறது. மைக்கின் விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் அதை வைக்கும் இடத்தைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் புகார்.

அப்படியானால் ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு மைக் வைத்துவிட்டால் தீர்ந்ததே? தீராது. ஏன் என்பதற்கு ராக்கெட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ராக்கெட் வெளிச்சம், ராக்கெட் சத்தம்

பழவேற்காட்டுக்காரர்களுக்கு ராக்கெட் புதிதல்ல. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் இந்தியாவின் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. கரையில் நின்று வடக்கே பார்த்தால் முதலில் வெளிச்சம் எழும்பும். காற்று வாக்காக இருந்தால் உறுமல் வெகு நேரம் கழித்து வந்து சேரும். அதற்குள் ராக்கெட் எங்கேயோ போயிருக்கும்.

ஏவுதளத்துக்கும் பழவேற்காட்டுக்கும் சுமார் 35 கிலோமீட்டர். ஒளிக்கு அது ஒரு தூரமே அல்ல. ஒலிக்கு? 31 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 35,000 மீட்டரை 350-ஆல் வகுத்தால் 100 நொடி. ஒன்றரை நிமிடத்துக்கும் மேல்.

இதே கணக்கைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். நொடிக்கு 350 மீட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு 35 சென்டிமீட்டர். அதை இனி 'மில்லி நொடி' என்போம். டிரம்மிலிருந்து ஒரு மைக் 1 மீட்டர் தள்ளியும் இன்னொன்று 1 மீட்டர் 35 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால், ஒரே அடி இரண்டாவது மைக்குக்கு ஒரு மில்லி நொடி தாமதமாகப் போய்ச்சேரும். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை உள்ள தூரத்துக்கும் குறைவான ஒரு வித்தியாசம்.

"ஒரு மில்லி நொடில இன்னாண்ணா ஆயிடப் போகுது?" என்றான் பையன்.

ஆகும்.

ஏற்றமும் இறக்கமும்

ஏரியில் தோணி போனால் அலை எழும்பும். இரண்டு தோணிகளின் அலைகள் ஓரிடத்தில் சந்திக்கும்போது, இரண்டின் மேடும் ஒன்றாக வந்தால் தண்ணீர் இரு மடங்கு எழும்பும். ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் ஒன்றாக வந்தால் அந்த இடம் அசையாமல் கிடக்கும். மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா, நடுவழியில் இருக்கிறதா என்ற அலையின் நிலைக்குப் பாடப்புத்தகங்கள் வைத்த பெயர் 'கட்டம்'. டிரம்ஸ் பதிவில் பாதிப் பிரச்சினைகள் இந்தக் கட்டத்தில்தான் கிடக்கின்றன.

ஸ்னேர் என்னும் டிரம்மை எடுத்துக்கொள்வோம். வாசிப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும். அடித்தோலில் கம்பிச் சுருள்கள் உரசுவதால் 'சளார்' என்று சத்தம் வரும். அந்தச் சளாரில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. அடித்தளம் 200 ஹெர்ட்ஸ் பக்கம், அதற்கு மேலே 500, 1000, 1500 என்று பல ஆயிரம்வரை. மேலே சொன்ன இரண்டு மைக்கின் பதிவையும் மிக்ஸரில் ஒன்றாகச் சேர்க்கிறோம்.

500 ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை ஏறி இறங்க 2 மில்லி நொடி. இரண்டாவது மைக் 1 மில்லி நொடி பின்தங்கியிருக்கிறது, அதாவது சரியாகப் பாதி. முதல் மைக்கில் மேடு வரும்போது இரண்டாவதில் பள்ளம். ஒன்றை ஒன்று தின்றுவிடும். 1000 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்றே 1 மில்லி நொடிதான். ஒரு முழுச் சுற்று பின்தங்கினால் மறுபடி மேட்டோடு மேடு சேர்ந்து கூடும். 1500-இல் ஒன்றரைச் சுற்று, ஆகவே மறுபடி கழியும். 2000-இல் கூடும். 2500-இல் கழியும். இப்படியே மேலே போகும். ஒலியின் படத்தை வரைந்தால் சம இடைவெளியில் பல் விட்ட சீப்பு மாதிரி இருக்கும். ஒலிப்பதிவாளர்கள் அதைச் சீப்பு என்றேதான் சொல்கிறார்கள்.

எவ்வளவு தின்கிறது? தூரம் கூடக்கூட ஒலியின் அழுத்தம் அதே விகிதத்தில் குறையும். 1 மீட்டரில் அழுத்தத்தை 1 என்று வைத்தால் 1.35 மீட்டரில் 0.74. கூடும் இடத்தில் 1.74, கழியும் இடத்தில் 0.26. ஒரே அடியின் ஒரு பகுதி, இன்னொரு பகுதியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாமல் போகிறது. மைக் கெட்டுப்போகவில்லை, ஆள் தப்பாக வாசிக்கவில்லை. ஆனால் ஸ்னேர் உள்ளீடற்ற, மூக்கடைத்த சத்தமாகிவிட்டது. இதைத்தான் 'தகர டப்பா' என்கிறோம்.

இப்போது பத்து மைக் வைத்த ஸ்டுடியோவை நினைத்துப் பாருங்கள். ஸ்னேரின் ஒலி ஒரு மைக்கில் மட்டும் விழாது. பத்திலும் விழும், பத்து வெவ்வேறு தாமதங்களோடு. பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. ஒருவர் வலை கட்டும் இடத்தில் இன்னொருவர் கட்ட மாட்டார். மைக்குகளுக்குள் அப்படி எந்தப் பாடும் கிடையாது. எல்லாம் எல்லா மீனையும் பிடிக்கும். அதைச் சமாளிக்க ஸ்டுடியோக்காரர்கள் மைக்கைத் தோலுக்கு இரண்டு விரல் உயரத்தில் வைப்பார்கள், தடுப்பு கட்டுவார்கள், பதிவைக் கம்ப்யூட்டரில் நகர்த்திச் சரிசெய்வார்கள். நேரமும் பணமும் இருந்தால் செய்யலாம். எங்களிடம் இரண்டும் இல்லை.

ஒரே மைக்கில் ஊரே வாசித்த காலம்

இரண்டு மைக் சண்டை போடுகிறது என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாமே? நியாயமான கேள்வி. ஒலிப்பதிவின் முதல் ஐம்பது வருடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டைப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது. பெரிய தகரக் கூம்பு ஒன்றுதான். கூம்பின் வாயில் பாடினால் மறுமுனையில் இருக்கும் ஊசி நேரடியாக மெழுகில் கோடு கீறும். மின்சாரமே இல்லாமல், குரலின் தள்ளலே ஊசியை ஆட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டில் டிரம் பெரிய தொல்லை. பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி தடம் விட்டுத் துள்ளிவிடும் என்று பயந்தார்கள். அமெரிக்காவில் 1917-இல் ஜாஸ் இசைத்தட்டுகள் வரத் தொடங்கிய காலத்தில்கூட டிரம்ஸ்காரர்கள் பலர் பெரிய டிரம்மை ஓரம் வைத்துவிட்டு மரக்கட்டையைத் தட்டவேண்டி வந்தது. அந்தப் பழைய தட்டுகளைக் கேட்டு 'அக்காலத்தில் இப்படித்தான் மெலிதாக வாசித்திருக்கிறார்கள்' என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. மெலிதாக இருந்தது வாசிப்பல்ல, கூம்பு.

1925-க்குப் பிறகு மைக் வந்தது. அப்போதும் ஒன்றோ இரண்டோதான். தமிழ்ப் பேசும் படங்களின் தொடக்க வருடங்களில் நடிகரே பாடுவார், வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். 1938-இல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தோடு பின்னணிப் பாடல் முறை வந்த பிறகு இசை பதிவுக் கூடத்துக்குள் போனது. அங்கே ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த முதல் கருவி பொத்தான் அல்ல, தூரம். வயலின்கள் முன்னால், ஊதுகுழல்கள் பின்னால், தாள வாத்தியங்கள் இன்னும் பின்னால். அதிகம் கேட்டால் 'ரெண்டடி தள்ளி உக்காருங்க'.

அதன் பிறகும் நெடுங்காலம் கோடம்பாக்கத்தில் பாடகர், வயலின் வரிசை, டிரம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வாசித்துத்தான் பாட்டுப் பதிவானது. ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. இளையராஜாவின் குழுவில் பல வருடங்கள் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் தாளத்தைக் கேளுங்கள். சிம்பல் என்னும் உலோகத் தட்டு ஒருபோதும் குரலை மூடாது. அந்த அளவை நான் பொத்தானின் கணக்கில் எழுத மாட்டேன், மணிக்கட்டின் கணக்கில்தான் எழுதுவேன்.

மைக்கையே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்துக்கு மைக் வைப்பதை விரும்பாதவர்; மைக் இல்லாத கச்சேரிகளுக்காக வாதாடியவர். ஒலிபெருக்கி நயத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. ஒலிப்பதிவு செய்கிறவனான எனக்கே அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

ஆக, ஒரு மைக் போதும், சண்டை இல்லை. ஒரே குறை: எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கேட்கும். இடம் வலம் தெரியாது. கிக்கின் கனமும் தூரத்தில் கரைந்துபோகும்.

கயிறு

லண்டனின் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் 1960-களின் இறுதியில் ஒரு வழி கண்டார். தற்செயலாகக் கண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1968-இல் லெட் செப்பலின் என்ற இசைக்குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தவர் அவர். வழி எளிது: முக்கியமான இரண்டு மைக்கும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். தூரம் ஒன்றானால் தாமதம் இல்லை. தாமதம் இல்லையென்றால் ஸ்னேருக்குச் சீப்பும் இல்லை.

கொட்டகையில் கயிற்றுக்குப் பஞ்சமா? நைலான் கயிறு ஒன்றை வெட்டி, ஒரு நுனியை ஸ்னேரின் நடுவில் பையனின் தங்கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மறு நுனியை 1 மீட்டரில் முடிச்சுப் போட்டு, ஸ்னேருக்கு நேர் மேலே தூக்கி, முடிச்சு தொடும் இடத்தில் முதல் மைக். கயிற்றை விடாமல் வாசிப்பவரின் வலது பக்கம் கொண்டுவந்து, தரையில் நிற்கும் டாம் என்ற பெரிய டிரம் இருக்கிறதே, அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, முடிச்சு தொடும் இடத்தில் இரண்டாவது மைக். அது டாமைத் தாண்டி ஸ்னேரைப் பார்க்கும். மூன்றாவது, சவுண்டு சர்வீஸ் மைக், கிக்கின் முன்னால் தரையோடு.

மிக்ஸரில் முதல் மைக்கை ஒரு பக்கமும் இரண்டாவதை மறு பக்கமும் திருப்பினோம். ஸ்னேர் இரண்டிலும் ஒரே கணத்தில் விழுவதால் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டது. பெரிய டாம் இரண்டாவது மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் சாய்ந்தது, சிம்பல்கள் அங்கங்கே விரிந்தன. கண்ணை மூடினால் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சுட்டிக்காட்டலாம்.

கிக் மைக்குக்கும் மேல் மைக்குக்கும் நடுவே கயிறு உதவாது; ஒன்று தோலருகே, மற்றது மேலே. ஆனால் கிக்கின் அலை நீளமானது. 350-ஐ 60-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6 மீட்டர். ஒன்றரை மீட்டர் வித்தியாசம் அதில் கால் அலைதான். ஒன்றை ஒன்று தின்னும் அளவுக்குப் போகாது. அதற்கு மேல் ஒரு காப்பும் இருக்கிறது. மிக்ஸரில் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் திருப்பும் பொத்தான் ஒன்று உண்டு. அதைப் போட்டும் எடுத்தும் கேட்க வேண்டும். எந்த நிலையில் கிக் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. கணக்குப் போடத் தேவையில்லை. எங்களுக்கு அதைச் சொன்னது தங்கைதான். "இப்பதான்ணா வயித்துல கேக்குது" என்றாள்.

படிக்கட்டும் வலைக் குவியலும்

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹம் டிரம்ஸை உயரமான கூடத்தில், மாடிப்படி அடியில் போட்டு வாசித்தார். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ், மேலே சொன்ன கிளின் ஜான்ஸின் தம்பி. அவர் படிக்கட்டின் மேல்மட்டத்திலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். கிக்குக்குத் தனி மைக் இல்லை. அங்கே பதிவாகி 1971-இல் வெளிவந்த ஒரு பாட்டின் டிரம்ஸ் ஒலியை உலகமெங்கும் இன்றுவரை எடுத்து எடுத்துத் தங்கள் பாட்டுகளில் பயன்படுத்துகிறார்கள். அதில் நாம் கேட்பது பாதி பான்ஹம், பாதி படிக்கட்டு.

எங்கள் கொட்டகையில் படிக்கட்டு இல்லை, தகரக் கூரை இருந்தது. தாழ்ந்த கூரை. மேலே வைத்த மைக்குக்குக் கூரை வெறும் அரை மீட்டர்தான். ஸ்னேரிலிருந்து நேராக வரும் ஒலிக்கு 1 மீட்டர் பயணம். கூரையில் பட்டுத் திரும்பும் ஒலிக்கு 2 மீட்டர். மறுபடியும் தாமதம், மறுபடியும் சீப்பு. இந்த முறை மைக்குகளுக்குள் சண்டை இல்லை; ஒரே மைக்குக்குள் கூரை வந்து சண்டை போடுகிறது. முதல் பதிவு சுமாராகத்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் மைக்கையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்.

மைக்குக்கு நேர் மேலே கூரைச் சட்டத்தில் கோணிச் சாக்குகளை நாலைந்து மடிப்பாகக் கட்டினோம். தரையில் பாய், பின்னால் வலைக் குவியல். நுண்துளை நிறைந்த பொருளுக்குள் புகுந்த ஒலி இழைகளில் உரசி உரசிச் சக்தி இழந்துவிடும். விரித்த வலை ஒலியைத் தடுக்காது, ஒரு ஆள் உயரம் குவிந்த வலை தடுக்கும். சாக்கு உயர்ந்த ஒலிகளைத் தின்றது, தாழ்ந்தவற்றை விட்டுவிட்டது. டிரம்முக்கு அது நல்லதாகப் போயிற்று.

வெளியே வெட்டவெளியில் வாசித்தால் கூரைத் தொல்லையே இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். ஆனால் சுவரே இல்லாத இடத்தில் டிரம் சப்பென்று கேட்கும். போன ஒலி போனதுதான். அதோடு, முற்பகல் தாண்டினால் கடற்காற்று எழும்பிவிடும். மைக்கின் மெல்லிய தகட்டில் காற்று மோதினால் அது புயலாகப் பதிவாகும். விடிகாலையில் வேறு ஒரு வேடிக்கை நடக்கும். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தண்ணீரை நோக்கியே இறங்கும். அக்கரை மேளம் பக்கத்தில் கேட்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

தோல்

மைக் குறையக் குறைய வாத்தியத்தின் பொறுப்பு கூடும். சுருதி தவறிய டாமைத் தனி மைக் இருந்தால் ஒலி குறைத்து மறைக்கலாம்; மூன்று மைக்கில் மறைக்க இடமில்லை. பறை வாசிப்பவர்கள் அடிக்கும் முன் தீயில் காய்ச்சுவது வெறும் சடங்கல்ல. ஈரக்காற்றில் தோல் நீரை உறிஞ்சித் தளரும், சூட்டில் இறுகும். டிரம்ஸ் செட்டில் இப்போது இருப்பது 1950-களில் வந்த பிளாஸ்டிக் படலம், ஈரத்துக்குத் தளராது. ஆனால் ஏரிக்காற்றின் உப்பு திருகாணிகளைத் தின்றிருந்தது. ஒரு டிரம்மின் ஆறு திருகாணிகளில் இரண்டு அசையவே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, அரை மணி காத்திருந்து திருப்பினோம். எதிரெதிர்த் திருகாணிகளைச் சம அளவில் இறுக்கினால்தான் படலம் எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பில் நிற்கும், சத்தம் தெளியும்.

மிருதங்கத்தில் நம்மவர்கள் இதற்கு மேலே போனார்கள். வட்டத் தோல் இயல்பாக எழுப்பும் ஒலிகள் ஒன்றோடொன்று சுருதி சேராதவை. நடுவில் கருஞ்சாந்து பூசி எடை கூட்டியதால் மிருதங்கத்தில் அவை சுருதி சேருகின்றன என்பதை சி.வி. ராமன் 1920-இலும் பிறகு விரிவாக 1934-இலும் எழுதினார். டிரம்ஸ் செட்டுக்கு அந்தச் சாந்து கிடையாது. அதனால்தான் அது பாடாது, இடிக்கும்.

கடைசிப் பதிவு

மாலையில் பையன் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்தான். அதற்கு முன் ஒன்று மட்டும் சொன்னேன்: சிம்பலை இப்போது அடிப்பதில் பாதி அடி, கிக்கை ஒன்றரை மடங்கு மிதி. மேல் மைக்குக்குச் சிம்பல்தான் பக்கம், அதைக் குறைக்க என்னிடம் தனிப் பொத்தான் இல்லை. உன் கைதான் பொத்தான். இரண்டு தடவை சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் மூன்று முறை கேட்டான். பிறகு தங்கையிடம் கொடுத்தான்.

உங்களிடம் மூன்று மைக் இல்லாமல் போன் மட்டும் இருந்தால், அடுத்த திருவிழாவில் மேளத்துக்கு ஓரடி முன்னால் நீட்டாதீர்கள். பத்துப் பன்னிரண்டடி தள்ளி, சுவரையும் தகரத்தையும் ஒட்டாமல் நில்லுங்கள். போனில் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். கேட்கும்போது ஹெட்போனில் கேளுங்கள்.

எங்கள் பதிவில் இரண்டாவது நிமிடத்தில் ஒரு படகு எஞ்சின் கடந்து போகிறது. மூன்று மைக்கிலும் விழுந்திருப்பதால் அதை நீக்க வழியில்லை. யார் படகு என்று பையனுக்குத் தெரியும்.